பழங்கணினியும் பாடபேதமும்

1

பழைய கணினியைத் திரும்பக் கட்டுவது இன்று தனியொரு கலையாகவே வளர்ந்துவிட்டது. மஞ்சளேறிய பிளாஸ்டிக் பெட்டியை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி, புற ஊதா விளக்கின் கீழே வைத்து வெளுக்கிறார்கள். முப்பது வருடப் பழைய மதர்போர்டில் கெபாசிட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதிதாகப் பற்றவைக்கிறார்கள். கடைசியில் கறுப்புத் திரையில் நினைவக எண்ணிக்கை ஓட ஆரம்பித்ததும் பின்னணியில் இசை எழும். லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். நானும் பார்க்கிறேன், பல இரவுகளில் தூக்கத்தை விட்டு.

இந்தக் கலைக்கு ரசிகர்கள் ஏராளம், விமர்சகர்களைத்தான் காணோம். ஒரு நாவலையோ சினிமாவையோ எடைபோடுகிற மாதிரி, கட்டி முடித்த ஒரு பழங்கணினியை எடைபோட முடியுமா? "சூப்பர் ப்ரோ" என்பதைத் தாண்டி அதைப் பற்றி என்ன சொல்லலாம்? எது நல்ல மீட்டெடுப்பு, எது வெறும் அலங்காரம்? இந்தக் கேள்விகளுக்கு ஒரு தராசைத் தேடுவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

என் தகுதி சிறியது. நான் குன்னூரிலிருந்து மென்பொருள் வேலை பார்ப்பவன். போன இரண்டு மழைக்காலங்களில் ஒரு 486 கணினியைக் கட்டினேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பொதுவாக என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

நான் கண்டவரை மூன்று வகை உண்டு. முதல் வகை, காலம் பிசகாத பெட்டி. 1994 என்று முடிவுசெய்தால் கேபிளிலிருந்து மவுஸ் வரை எல்லாம் அந்த வருடத்துக்குள் வந்ததாக இருக்க வேண்டும். இரண்டாவது வகை இதற்கு நேரெதிர். வெளியே பழைய பெட்டி, உள்ளே இந்த வருடத்து சிப். திண்ணை வைத்த வீட்டுக்குள் மாடுலர் கிச்சன் போட்ட மாதிரி. மூன்றாவது வகையில் கணினியே கிடையாது. உள்ளங்கை அகலச் சின்னப் பலகையில் ஓர் எமுலேட்டர் ஓடும், பழைய இயந்திரத்தைப் போல நடந்துகொள்ளும்.

ரசிகர்களிடையே மரியாதை இதே வரிசையில்தான் கிடைக்கிறது. முதல் வகைக்குப் பூஜை, இரண்டாவதற்குச் சிரிப்பு, மூன்றாவதற்கு "இதெல்லாம் ஏமாத்து வேலைங்க". இந்த வரிசை தப்பு என்று நினைக்கிறேன். இன்னும் சரியாகச் சொன்னால், இந்த வரிசையைத் தீர்மானிக்கிற கேள்வியே தப்பு. "எத்தனை உறுப்பு பழசு?" என்று கேட்கிறோம். "எந்த உறுப்பை மாற்றினால் காரியம் கெட்டுவிடும்?" என்று கேட்க வேண்டும்.

2

இந்த இரண்டாவது கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது நீலகிரிதான். இந்த மலையில் இரண்டு பழைய இயந்திரங்கள் இன்றைக்கும் வேலை செய்கின்றன.

ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர் ஏறும் மலை ரயில். 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் வந்தது. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே ஏற்றம் ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி. வெறும் சக்கரம் அதில் வழுக்கிவிடும் என்பதால் தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை ஓடுகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டே ஏறுகிறது. இந்த வேலைக்கான எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களை ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் ஆலை செய்து அனுப்பியது.

ஊட்டிக்கு வரும் பலர் "நூறு வருஷத்து எஞ்சின்" என்று அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் முன் நிற்பது 2011-க்குப் பிறகு திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதிதாகச் செய்த எஞ்சினாகவும் இருக்கலாம். கொதிகலனிலிருந்து சிலிண்டர் வரை நம் ஊர் ஆட்கள் புதிதாக வார்த்ததும் கடைந்ததும். அப்படியானால் அது போலியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த எஞ்சினில் மாற்றவே முடியாத ஒன்று உண்டு. அது எஞ்சினுக்குள் இல்லை, தரையில் கிடக்கிறது. பல்பட்டையின் அளவும் அந்த மலையின் சரிவும்தான் அது. புது எஞ்சின் அந்தப் பல்லைக் கவ்வி அதே சரிவில் ஏறினால் மீட்டெடுப்பு உண்மையானது. 1914-ன் அசல் எஞ்சினே ஆனாலும் நிலையத்து வாசலில் பெயின்ட் அடித்து நிறுத்திவைத்தால் அது சிலை.

இரண்டாவது இயந்திரத்தைச் சுற்றுலாக்காரர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கட்டியது, 1970-ல் வேலையைத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 பரவளையச் சட்டங்களின் மேல் 1,100 எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டிய உருளை வடிவ வலை. தூரத்திலிருந்து பார்த்தால் சரிவில் காயப்போட்ட பெரிய மீன்வலை மாதிரி இருக்கும்.

அதை ஏன் அங்கே வைத்தார்கள்? ஊட்டியின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. வடக்கு தெற்காக அதே 11 பாகை சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அந்தச் சரிவில் தொலைநோக்கியைக் கிடத்தினால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடும். அப்புறம் ஒரே அச்சில் மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் வானத்து மூலம் ஒன்றை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தொடரலாம். பெரிய செலவில் செய்யவேண்டிய ஒரு வேலையை மலை இலவசமாகச் செய்து கொடுத்தது.

இந்தத் தொலைநோக்கியின் மின்னணு உறுப்புகளைப் பலமுறை மாற்றியிருக்கிறார்கள். 1990களில் அதன் குவியத்தில் இருந்த இருமுனை ஆன்டெனா வரிசையையே புதிதாக, 1,056 இருமுனைகளாக மாற்றி அமைத்தார்கள். பெறுகருவி மாறியது, கணினி மாறியது. யாரும் "அசல் போச்சு" என்று அழவில்லை. சரிவு அப்படியே இருக்கிறது. அதை மட்டும் மாற்ற முடியாது.

ஆக, ஒவ்வொரு பழைய இயந்திரத்திலும் மாற்ற முடியாத ஓர் இடம் இருக்கிறது. நல்ல மீட்டெடுப்பாளர் அதைக் கண்டுபிடித்துக் காப்பாற்றுகிறார், மற்றதைக் கூசாமல் புதுப்பிக்கிறார்.

3

பழங்கணினிக் கலையில் மாற்ற முடியாத இடமாக எதைக் கருதுகிறோம்? பெட்டியின் நிறத்தை. டர்போ பட்டனை. டயல்-அப் மோடத்தின் கீச்சொலியை. அதாவது நம் பால்யத்தை.

"90ஸ் கிட்ஸ்" ஏக்கம் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். 1994-ல் வீட்டில் 486 இருந்த தமிழ்க் குழந்தை யார்? பெருநகரம், அரசு உத்தியோகம் அல்லது வெளிநாட்டு அப்பா, நல்ல சம்பளம். நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் கணினி முதலில் நுழைந்தது எஸ்டேட் ஆபீஸுக்குள். செக்ரோலில் பேர் ஏறுவதற்கும் சம்பளத்தில் பிடித்தம் போடுவதற்கும். லைன் வீட்டுக் குழந்தைக்கு அந்தப் பெட்டி, கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பொருள். ஒரே மாதிரியான பெட்டி ஒருத்தருக்கு விளையாட்டாகவும் இன்னொருத்தருக்குக் கணக்குப்பிள்ளையாகவும் இருந்திருக்கிறது. ஏக்கத்தைப் பொதுச்சொத்து மாதிரிப் பேசும்போது இந்த வித்தியாசம் காணாமல் போகிறது. மீட்டெடுத்த பெட்டியில் எப்போதும் ஒரு விளையாட்டுதான் ஓடுகிறது, ஒரு சம்பளப் பட்டியல் ஓடுவதே இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

இன்னொன்று. இங்கே பழைய சிப்புக்கு விலை வைப்பவர் ரசிகர் கிடையாது. பீங்கான் உடம்பும் தங்க முலாம் பூசிய கால்களும் கொண்ட 486 சிப்பை நம்மூர் பழைய இரும்புக் கடையில் தங்கத்துக்காக வாங்குகிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் எனக்குப் பலகை தேடிக் கொடுத்தவர் சொன்னார்: "நீங்க ஓட்டணும்ங்கறீங்க, அவன் உருக்கணும்ங்கறான். அவன் ரொக்கமா குடுக்கறான் சார்." நம் ஊரில் பழங்கணினிக் கலை அமிலத் தொட்டியோடு போட்டி போடுகிறது. அமெரிக்க வீடியோக்களில் இந்தப் போட்டி அவ்வளவாகக் கண்ணில் படாது.

4

இனி என் பெட்டி.

இந்த மலையில் தாயகம் திரும்பியவர்கள் நிறைய. 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். அதன்படி இலங்கையின் மலையகத் தோட்டங்களிலிருந்து லட்சக்கணக்கான தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமைக் கடந்து, அவர்களில் ஒரு பகுதி நீலகிரிக்கு வந்தது. அவர்களைக் குடியமர்த்தவே 1968-ல் அரசு தேயிலைத் தோட்டங்கள் உருவாகின. இன்று டான்டீ என்று நாம் சொல்வது அதுதான்.

கோத்தகிரிப் பக்கம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். 1990களின் நடுவில் லைன் லைனாகப் போய் வயசானவர்களிடம் பேசி, அவர்கள் கப்பலேறிய கதைகளைக் கேட்டு எழுதினார். கோவையில் இரண்டாம் கையாக வாங்கிய 486-ல் விண்டோஸ் 3.1 போட்டு, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்தார். கணினி செத்துப்போனது. மிஞ்சியவை 22 ஃப்ளாப்பிகள், ஒரு பிஸ்கட் டின்னில். பேசியவர்களில் பெரும்பாலானோர் இன்று இல்லை. வேறு பிரதியும் இல்லை.

நீலகிரியின் ஈரம் ஃப்ளாப்பிக்கு எமன். மூடியைத் தள்ளிப் பார்த்தால் காந்தத் தட்டில் வெள்ளைப் பூஞ்சை. அப்படியே டிரைவில் போட்டால் பூஞ்சை தலையில் ஒட்டி, தட்டையும் கீறி, அடுத்த தட்டையும் கெடுக்கும். பின்புறக் குமிழை விரலால் திருப்பித் திருப்பி, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றையும் துடைத்தேன். பிறகு நல்ல டிரைவ் ஒன்றில் போட்டேன். ஏறக்குறைய எல்லாமே பிழை. இன்னொரு டிரைவ். அங்கும் பிழை.

காரணம் சுவாரசியமானது. 1.44 எம்பி ஃப்ளாப்பியில் ஒரு பக்கத்துக்கு 80 தடங்கள், அங்குலத்துக்கு 135 தடங்கள் என்ற நெருக்கத்தில். ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.19 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு டிரைவின் தலை கொஞ்சம் நகர்ந்துவிட்டால் அது தடங்களை எல்லாம் கொஞ்சம் தள்ளியே எழுதும். அதே டிரைவில் படிக்கும்போது பிரச்சினையே தெரியாது. படிக்கும் தலையும் அதே அளவு நகர்ந்திருக்கிறதே. வேறு டிரைவில் போட்டால்தான் குட்டு வெளிப்படும். சார் வீட்டு டிரைவ் கோணலாகி இருந்திருக்கிறது. வருடக்கணக்கில் அது கோணலாக எழுதி, கோணலாகவே படித்து, சந்தோஷமாக இருந்திருக்கிறது.

செத்த கணினியின் கூடு இன்னும் அவர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. அவர் மகள் சொன்னார்: "எடுத்துட்டுப் போங்க தம்பி. கோழி முட்டை வைக்குது அதுல." டிரைவைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டு, தலையை மட்டும் தொடாமல் விட்டேன். இந்த இடத்தில்தான் வழக்கமான மீட்டெடுப்பு நேரெதிராகத் திரும்புகிறது. பழுதைச் சரிசெய்தால் நூல் போய்விடும். 22-ல் 17 தட்டுகள் அந்த டிரைவில் முழுசாகப் படித்தன.

மற்றபடி என் பெட்டியில் பழசு குறைவு. கொட்டகையில் கிடந்த பலகையில் பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து செப்புத் தடங்களைத் தின்றிருந்தது. அதனால்தான் ரிச்சி தெரு. அங்கே வாங்கிய பலகையிலும் கசிவு உண்டு, ஆனால் ஆரம்ப நிலையில். வினிகர் போட்டுக் காரத்தை முறித்து, அறுந்த இரண்டு தடங்களுக்கு மெல்லிய ஒயரால் பாலம் போட்டேன். 30 முனை நினைவகத் துண்டுகள் நான்கு நான்காகத்தான் வேலை செய்யும். ஒவ்வொன்றும் 8 பிட், சிப்புக்கு வேண்டியது 32. வன்வட்டுக்குப் பதில் காம்பாக்ட் ஃப்ளாஷ் அட்டை, அந்த பயாஸுக்கு 504 எம்பிக்கு மேல் தெரியாது என்பதால் சின்னது. மின்சாரப் பெட்டி புத்தம் புதுசு. காலம் பிசகாத பெட்டிக்காரர் யாராவது பார்த்தால் முகம் சுளிப்பார். அந்த டிரைவ் ஒன்றுதான் என் 11 பாகைச் சரிவு.

"அப்போ டிரைவை மட்டும் புதுக் கணினியோட இணைச்சாப் போதாதா?" என்று நண்பன் கேட்டான். போதும். காந்த அலையை அப்படியே நகலெடுக்கும் யூஎஸ்பி பலகைகள் இருக்கின்றன. எழுத்தைக் காப்பாற்றுவதற்கு 486 பலகை தேவையில்லை. அது சாருக்காக. "மிஷின்ல போட்டுக் காட்டு தம்பி, தாள்ல வேணாம்" என்று கேட்டார். தான் எழுதிய திரையில் தன் எழுத்தைப் பார்க்க விரும்பும் 78 வயதுக்காரருக்கு அதைச் செய்து தரலாம். ஆனால் அதை மீட்டெடுப்பு என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அது மரியாதை. இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் இந்தக் கலையின் பாதித் தற்பெருமை பிறக்கிறது.

5

கோப்புகள் கிடைத்தன. திறந்தால் தமிழ் இல்லை, ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை.

1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனித்தனி ராஜ்ஜியம். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை எழுத்துரு செய்தவரே முடிவு செய்தார். யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-ல், தமிழ் இருந்தது. ஆனால் அது நம் மேசைக்கு வந்து சேரப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. நடுவில் 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாப், டாம் என்ற குறியீடுகள் வந்தன. இணையத்தில் டிஸ்கி புழங்கியது. இவற்றுக்கெல்லாம் முந்திய கோப்பு என்றால் எழுத்துரு கையில் இருந்தால்தான் கோப்புக்குப் பொருள் உண்டு. அதிர்ஷ்டம், 17 தட்டுகளில் ஒன்றில் எழுத்துருவும் இருந்தது.

மாற்றும் நிரலை எழுதினேன். பழைய எழுத்துருவில் கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கும், கையால் எழுதுகிற வரிசையில். யூனிகோடில் பின்னால் போகும். "கொ" என்பது பழையதில் மூன்று துண்டு. இப்படிச் சின்னச் சின்ன விதிகள். ஒரு வாரத்தில் முடிந்தது. அடுத்து எல்லோரும் சொன்னதைத்தான் நானும் யோசித்தேன். சேதமான எழுத்துகள் அங்கங்கே இருக்கின்றன, பிழைதிருத்தி ஒன்றைக் கொண்டு அனைத்தையும் சீர்செய்துவிடலாமே.

சோதித்துப் பார்த்தேன். ஒரு பாட்டி, காலையில் "பெரட்டுக்குப் போய்" நின்றதைச் சொல்லும் வரி. திருத்தி அதைப் "புரட்டு" என்று மாற்றப் பரிந்துரைத்தது. பெரட்டு என்பது மலையகத் தோட்டத்துச் சொல். பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் காலைக் கூட்டம், பரேடிலிருந்து வந்தது. இந்தப் பக்கத்தில் லைன் என்பதை அவர்கள் லயம் என்பார்கள். திருத்தி அங்கே எதையும் தொடவில்லை. லயம் அகராதியில் இருக்கிறது, இசைச் சொல்லாக. சரியாகவே தோன்றுகிற தவறு, தவறாகத் தோன்றுகிற சரி. கடல் தாண்டி வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த சொல்லை ஒரே நொடியில் புரட்டாக்கிவிடும் கருவியின் கையில் கொடுத்தால், டிரைவின் தலையை நேராக்கியதற்குச் சமம்.

இந்தப் பிரச்சினை தமிழுக்குப் புதிதில்லை. 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. முன்னால் இருந்ததும் இதேதான். செல் அரித்த ஏடுகள், ஏடெழுதியவர்களின் பழக்கங்கள், ஒன்றுக்கொன்று முரண்படும் பாடங்கள். புள்ளி வைக்காத மெய், குறில் நெடில் வேறுபாடு காட்டாத கொம்பு. ஏடெழுதியவரின் பழக்கம் தெரிந்தால்தான் எது பிழை, எது பாடபேதம் என்று சொல்ல முடியும். பதிப்பாசிரியரின் அடக்கம், தனக்குப் புரியாததைத் திருத்தாமல் குறித்துவைப்பதில் இருக்கிறது. சேதமான இடங்களை நான் சதுர அடைப்புக்குள் புள்ளிகளாக விட்டேன். சார் நினைவிலிருந்து சொன்னதைத் தனி நிறத்தில் சேர்த்தேன். ஐந்து தட்டுகள் இன்னும் படிக்கவில்லை. அவை படிக்கவில்லை என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்தேன்.

பழங்கணினி கட்டுபவரை நான் பதிப்பாசிரியர் என்றே பார்க்க விரும்புகிறேன். இந்தக் கோணத்தில் வைத்துப் பார்த்தால் அந்த மூன்று வகைகளின் மதிப்பு மாறுகிறது. காலம் பிசகாத பெட்டி, தோல் அட்டையும் தங்க எழுத்துமாக அச்சிட்ட பிழை மலிந்த பதிப்பாக இருக்கலாம். நாம் ஏமாற்று என்று ஒதுக்கிய எமுலேட்டர், எந்த அலங்காரமும் இல்லாத நம்பகமான மலிவுப் பதிப்பு. ஒரு பழைய விளையாட்டை ஆடவோ பழைய மென்பொருளைப் புரிந்துகொள்ளவோ பெரும்பாலும் அதுவே போதும். அசல் வன்பொருள் தேவைப்படும் இடங்கள் கொஞ்சம்தான். ஆனால் அந்த இடங்களில் அதற்கு மாற்றே கிடையாது. அங்கே வேண்டியது அசலின் அழகுகூட இல்லை, அசலின் கோணல்.

தமிழில் எழுதியவர்கள் 1985-லிருந்து 2005 வரை எத்தனையோ தட்டுகளில், எத்தனையோ எழுத்துருக்களில் எழுதிவைத்திருக்கிறார்கள். சிற்றிதழ்களின் பக்க வடிவமைப்புக் கோப்புகள், உள்ளூர் வரலாறுகள், அச்சேறாத நாவல்கள். அவை இப்போது பரண்களிலும் கொட்டகைகளிலும் காந்தம் இழந்துகொண்டிருக்கின்றன. உ.வே.சா.வின் ஏடுகள் நூற்றாண்டுகளைத் தாங்கின. இவற்றுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. பழைய பெட்டியை வெளுக்கத் தெரிந்த இளைஞர்கள் தமிழில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். பற்றவைக்கத் தெரிந்தவர்கள், பொறுமை உள்ளவர்கள், இரவெல்லாம் விழித்திருக்கக் கூடியவர்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய விமர்சனக் கேள்வி ஒன்றே ஒன்றுதான் என்று தோன்றுகிறது: உங்கள் பெட்டி எதைப் படிக்கிறது?

சாருக்குத் திரையில் முதல் பக்கம் வந்தபோது அவர் படித்துக்கொண்டே போனார், நடுவில் ஒரு வரியில் நின்றார். "இங்க ஒரு காற்புள்ளி இருந்துச்சு தம்பி," என்றார். பதிப்பில் அதைக் குறித்திருக்கிறேன், பாடபேதமாக.